பார்வை விழும் இடம்



2004-ஆம் ஆண்டு ஆகஸ்டு 22-ஆம் நாள். ஏதென்ஸ் நகரத்திற்கு அருகேயுள்ள மார்க்கோபுலோ சுடுதளத்தில் ஒலிம்பிக் துப்பாக்கி சுடும் போட்டியின் இறுதிச் சுற்று நடந்துகொண்டிருந்தது. 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டி அது. அமெரிக்க வீரர் மேத்யூ எம்மன்ஸ் ஒன்பது குண்டுகளைச் சுட்டு முடித்திருந்தார். அடுத்து நின்றவரைவிட அவர் மூன்று புள்ளிகள் முன்னிலையில் இருந்தார். இரண்டு நாள்களுக்கு முன்புதான் படுத்த நிலைப் போட்டியில் தங்கம் வென்றிருந்தார். இரண்டாவது தங்கத்திற்கும் அவருக்கும் நடுவே ஒரே ஒரு குண்டுதான் மீதமிருந்தது. அது நடு மையத்தில் பட வேண்டிய அவசியமும் இல்லை. ஏழு புள்ளிகளுக்குச் சற்று மேல் கிடைத்தாலே போதும். அவரைப் போன்ற ஒருவருக்கு அது எளிய காரியம்.

எம்மன்ஸ் சுட்டார். குண்டு இலக்கில் பட்டது. ஆனால் அவருடைய திரையில் புள்ளி எதுவும் தோன்றவில்லை. கருவி பழுதாயிற்று என்று எண்ணி அவர் அதிகாரிகளை அழைத்தார். அவர்கள் கூடிப் பேசி, ஆராய்ந்து, முடிவைச் சொன்னார்கள். இரண்டாவது தடத்தில் நின்ற அவர் மூன்றாவது தடத்திலிருந்த இலக்குப் பலகையைச் சுட்டிருந்தார். மதிப்பெண் பூஜ்யம். முதலிடத்தில் இருந்தவர் எட்டாம் இடத்திற்கு இறங்கினார். சீனாவின் ஜியா ஜான்போ தங்கம் பெற்றார். எம்மன்ஸின் குண்டு தன் சொந்தப் பலகையில் அதே இடத்தில் பட்டிருக்குமானால், தங்கம் அவருடையதாகவே இருந்திருக்கும்.

இதைக் கேட்டவுடன் நம்மில் அநேகர், "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்புச் சொல்லிவிடுவோம். சற்றுப் பொறுங்கள். தமக்கு நேர்ந்ததை எம்மன்ஸ் பின்னர் வெளிப்படையாகவே விளக்கினார். வழக்கமாக அவர் குறிபார்க்கும்போது முதலில் இலக்குப் பலகைக்கு மேலேயுள்ள தட எண்ணைப் பார்ப்பார். அது தம்முடையதுதான் என்று உறுதி செய்துகொண்டபின் துப்பாக்கியை மெல்லக் கீழே இறக்கி மையத்திற்குக் கொண்டுவருவார். அந்தக் கடைசிக் குண்டுக்குமுன் அவர் எண்ணைப் பார்க்கவில்லை. தம்மை அமைதிப்படுத்திக்கொள்வதிலும், நல்லதொரு குண்டைச் சுட்டு முடிப்பதிலுமே அவருடைய மனம் முழுவதும் இருந்தது.

கவனியுங்கள். அவரிடத்தில் கவனம் இல்லாமல் போகவில்லை. இருந்த கவனம் அத்தனையும் உள்நோக்கித் திரும்பியிருந்தது. தம் இருதயத் துடிப்பையும் தம் அமைதியையும் அவர் காத்துக்கொண்டிருந்தார். அதைக் காத்தும்விட்டார். அந்நேரத்தில் அவர் பார்த்திருக்கவேண்டிய ஒன்றை மட்டும் பார்க்காமல் போனார்.

கவனம் என்பதைக் குறித்து நாம் நெடுங்காலமாகத் தவறான எண்ணம் ஒன்றைச் சுமந்துவருகிறோம் என்பதே இந்த வாரம் நான் உங்கள்முன் வைக்க விரும்பும் கருத்து. பல்லைக் கடித்துக்கொண்டு, புருவத்தை நெரித்துக்கொண்டு, மனத்தை வலுக்கட்டாயமாக இழுத்துப் பிடிப்பதே கவனம் என்று எண்ணுகிறோம். யாராவது தவறினால், "இன்னும் அழுத்திப் பிடித்திருக்கவேண்டும்" என்கிறோம். ஆனால் கவனத்தில் முதற்காரியம் அழுத்தம் அன்று, இடம். பார்வை எவ்வளவு வலிமையாய் இருக்கிறது என்பதற்கு முன்பாக, அது எங்கே விழுகிறது என்று கேட்கவேண்டும்.

விளையாட்டு உளவியலை ஆராய்ந்தவர்கள் இதையே வெவ்வேறு வழிகளில் கண்டிருக்கிறார்கள். சியான் பெய்லாக் என்னும் உளவியலாளரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் கால்பந்து ஆட்டக்காரர்களைக் கூம்புகளுக்கு நடுவே பந்தை உருட்டிச் செல்லும்படி செய்தார்கள். ஒரு முறை, பந்தைத் தொடுவது பாதத்தின் எந்தப் பக்கம் என்று கவனித்துக்கொண்டே ஓடச் சொன்னார்கள். மற்றொரு முறை, ஒலிக்கும் சொற்களில் குறிப்பிட்ட ஒரு சொல் வருகிறதா என்று காதுகொடுத்துக்கொண்டே ஓடச் சொன்னார்கள். புதிதாய்க் கற்பவர்களுக்குத் தங்கள் பாதத்தைக் கவனிப்பது உதவியது. தேர்ந்த ஆட்டக்காரர்களோ, பழகிய காலால் உருட்டும்போது பாதத்தைக் கவனித்தபோதுதான் தடுமாறினார்கள். வேறொன்றுக்குக் காதுகொடுத்தபோதுகூட அவர்கள் ஆட்டம் அவ்வளவு கெடவில்லை. 2002-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு இது.

காரணம் புரிந்துகொள்ளக் கடினமானது அன்று. ஒரு திறமையைக் கற்கும் நாள்களில் ஒவ்வொரு அசைவையும் நாம் எண்ணி எண்ணிச் செய்கிறோம். ஆயிரம் முறை செய்தபின் அது உடலுக்குள் இறங்கிவிடுகிறது. எண்ணம் தலையிடாமலே கை தன் வேலையைச் செய்கிறது. நெருக்கடி வரும்போதோ நமக்கு அச்சம் உண்டாகிறது. அச்சம் கொண்ட மனம் கையை நம்ப மறுக்கிறது. "நான் சரியாகச் செய்கிறேனா?" என்று மேற்பார்வையிடத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் பத்தாண்டுப் பயிற்சி பெற்றவன் முதல் நாள் மாணவனாகிவிடுகிறான். படிக்கட்டில் இறங்கும்போது எந்தக் காலை எப்போது வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அங்கேயே கால் இடறும்.

கேப்ரியேலே உல்ஃப் என்னும் ஆய்வாளர் இதைத் தண்ணீரின்மேல் கற்றார். பாய் கட்டிய பலகையில் நின்று செல்லும் விளையாட்டைப் பழகியபோது, திரும்புகிற இடத்தில் தம் கால்களையும் கைகளையும் எப்படி வைப்பது என்று எண்ணிய நேரமெல்லாம் அவர் விழுந்தார். எண்ணத்தைப் பலகையின் சாய்வுக்கு மாற்றியவுடன் முன்னேற்றம் வந்தது. பிற்பாடு இதையே ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்த்தார். பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவியின்மேல் நின்றவர்களில், தங்கள் பாதங்களை நினைத்தவர்களைவிடப் பாதங்களுக்குக் கீழேயுள்ள சக்கரங்களை நினைத்தவர்கள் நன்றாய்க் கற்றார்கள். பாதத்திற்கும் சக்கரத்திற்கும் இடையே உள்ளது ஒரு சாண் தூரங்கூட அன்று. ஆயினும் ஒன்று "நான்". மற்றொன்று "என் வேலை". அந்தச் சிறு தூரமே பெரிய வேறுபாட்டை உண்டாக்கியது.

கனடாவின் ஜோன் விக்கர்ஸ் கூடைப்பந்து ஆடுகிறவர்களின் கண்களை ஆராய்ந்தார். தடையற்ற எறிதலில் சிறந்தவர்கள் பந்தை எறியுமுன் கூடையின் விளிம்பில் ஓரிடத்தில் பார்வையை நிறுத்தி, மற்றவர்களைவிடச் சற்று அதிக நேரம் அசையாமல் வைத்திருந்தார்கள். மற்றவர்களின் பார்வை அங்குமிங்கும் தாவியது. அசையாத அந்தப் பார்வைக்கு அவர் இட்ட பெயரைத் தமிழில் "அமைதியான கண்" என்று சொல்லலாம். எவ்வளவு பொருத்தமான பெயர்! மனத்தை நேரே பிடித்து அமைதிப்படுத்த நம்மில் பலரால் இயலாது. கண்ணை ஓரிடத்தில் நிறுத்த இயலும். கண் அமர்ந்தால் மனமும் அதன் பின்னே வந்து அமரும்.

ஆனால் ஒரு கேள்வி எழும். தட எண்ணைப் பார்ப்பதும் ஒரு சிறு படிதானே? எம்மன்ஸ் தம் படிகளை எண்ணிச் செய்திருந்தால் தப்பியிருப்பாரே. அப்படியானால் படிகளை எண்ணுவது எப்படிக் கெடுதலாகும்? நியாயமான கேள்வி. இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. தன் அசைவைத் தானே மேற்பார்ப்பது வேறு. செய்யவேண்டிய வேலையின் ஒழுங்கைப் பின்பற்றுவது வேறு. "என் விரல் நடுங்குகிறதா?" என்பது முதலாவது. "எண்ணைப் பார், இறக்கு, மையத்தைப் பார், சுடு" என்பது இரண்டாவது. ஒவ்வொரு முறையும் மாறாத ஒழுங்கு ஒன்றைத் தேர்ந்த வீரர்கள் வைத்துக்கொள்வதற்குக் காரணம் இதுவே. அது மந்திரமும் அன்று, சகுனமும் அன்று. நெருக்கடியில் மனம் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலையும்போது, அதற்கு நிற்க ஓர் இடம் கொடுப்பது அது. எம்மன்ஸுக்கு அந்த ஒழுங்கு இருந்தது. தம் அமைதியைப் பற்றிய கவலை அதற்குள் நுழைந்து ஒரு படியைத் தள்ளிவிட்டது.

நான்கு ஆண்டுகள் சென்றன. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் சுடுதளத்திற்கு வாருங்கள். ஆகஸ்டு 11-ஆம் நாள் 10 மீட்டர் ஏர் ரைபிள் இறுதிச் சுற்றில் நம் நாட்டின் அபினவ் பிந்த்ராவும் பின்லாந்தின் ஹென்றி ஹக்கினெனும் கடைசிக் குண்டுக்கு முன்பாகச் சம புள்ளிகளில் நின்றார்கள். பிந்த்ரா 10.8 எடுத்தார். ஹக்கினென் 9.7 எடுத்து மூன்றாம் இடத்திற்குச் சென்றார். ஒலிம்பிக்கில் தனிநபர் பிரிவில் இந்தியா பெற்ற முதல் தங்கம் அது. கடைசிக் குண்டையும் முதற்குண்டைப் போலவே சுட முடியும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆறு நாள்கள் கழித்து, அதே பெய்ஜிங்கில், எம்மன்ஸ் மீண்டும் மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் நின்றார். மீண்டும் கடைசிக் குண்டு. மீண்டும் முன்னிலை, இம்முறை 3.3 புள்ளிகள். இம்முறை பலகை சரியானதே. ஆனால் துப்பாக்கியை மையத்திற்கு இறக்கிக்கொண்டிருக்கும்போதே விரல் விசையைத் தொட்டுவிட்டது. 4.4 புள்ளிகள். தங்கம் சீனாவின் சியூ ஜியானுக்குச் சென்றது. எம்மன்ஸ் நான்காம் இடம் பெற்று, பதக்கமின்றி நின்றார்.

பிரியமானவர்களே, இங்கே நான் உண்மையாகப் பேசவேண்டும். "பார்வையைச் சரியான இடத்தில் வை, எல்லாம் நன்றாய் நடக்கும்" என்று நான் எழுதினால் அது பொய்யாகும். ஏதென்ஸில் நடந்ததை எம்மன்ஸ் நன்கு அறிந்திருந்தார். அறிந்திருந்தும் பெய்ஜிங்கில் வேறொரு வழியாய் அது அவரைப் பிடித்தது. மனிதனுடைய கவனம் எல்லையுள்ளது. அவனுடைய விரல் தசையால் ஆனது. எந்தப் பயிற்சியும் நம்மைத் தவறவே மாட்டாதவர்களாக மாற்றுவதில்லை. ஆகையால், தவறியவனைக் குறித்து நாம் என்ன சொல்கிறோம் என்பதும் இந்தப் பொருளின் ஒரு பாகமே.

எம்மன்ஸைச் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஏதென்ஸில் தோற்ற அன்று மாலை அவர் தம் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது, செக் நாட்டு வீராங்கனை கேட்ரினா குர்கோவா அவரைத் தேடிவந்து ஆறுதல் சொன்னார். அவரும் அதே ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் வெண்கலம் வென்றவர். அந்தச் சந்திப்பு நட்பாயிற்று. 2007-ஆம் ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். பெய்ஜிங்கில் மீண்டும் தோற்றபோது, அந்த ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த அதே கேட்ரினா, இப்போது மனைவியாக, அவரை அணைத்துக்கொண்டார். 2010-ஆம் ஆண்டு எம்மன்ஸுக்குத் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்டு அறுவைச் சிகிச்சை நடந்தது. 2012-ஆம் ஆண்டு இலண்டனில் அதே மூன்று நிலைப் போட்டியின் இறுதிச் சுற்றில் அவர் மறுபடியும் நின்றார். கடைசிக் குண்டில் 7.6 எடுத்து, இரண்டாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்திற்கு இறங்கினார். அப்படியும் வெண்கலம் அவர் கையில் இருந்தது.

அந்த வெண்கலத்தை நான் மிகவும் மதிக்கிறேன். கடைசிக் குண்டு அவருக்கு ஒருபோதும் எளிதாகவில்லை. ஆயினும் அதைச் சுடுவதற்கு அவர் திரும்பத் திரும்ப வந்து நின்றார்.

இப்பொழுது நம் வீட்டிற்கு வருவோம். எங்கள் ஆலயத்திற்கு அருகே ஒரு மைதானம் உண்டு. மாலை வேளைகளில் பிள்ளைகள் அங்கே கிரிக்கெட் விளையாடுவார்கள். பெற்றோர் ஓரமாக நிற்பார்கள். ஒரு நாள், பத்து வயதுப் பையன் ஒருவன் எளிதான பந்தைப் பிடிக்காமல் தவறவிட்டான். "கவனம் எங்கேடா இருக்கு?" என்று அவன் தகப்பனார் உரக்கக் கத்தினார். அடுத்த பந்து வந்தபோது அந்தப் பிள்ளையின் கண் எங்கே இருந்தது தெரியுமா? பந்தின்மேல் இல்லை. தகப்பனாரின் முகத்தின்மேல் இருந்தது. அந்தப் பந்தும் தவறிற்று. அந்தத் தகப்பனாரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் பிள்ளைகள் விளையாடிய நாள்களில் நானும் அதே இடத்தில் நின்று அதையே கத்தியிருக்கிறேன்.

அவருடைய நோக்கம் நல்லது; பிள்ளையின் கவனத்தைத் திருப்பவே கத்தினார். ஆனால் அவர் வார்த்தை அதைப் பந்திலிருந்து பிடுங்கி, பிள்ளையின் தவற்றின்மேலும் தகப்பனின் கோபத்தின்மேலும் வைத்துவிட்டது. "கவனமாயிரு" என்னும் கட்டளைக்குள் எதைக் கவனிப்பது என்னும் செய்தி இல்லை. அதைக் கேட்கிற பிள்ளைக்குக் கவனிக்கக் கிடைப்பது தன்னுடைய குறை மட்டுமே. தேர்வு அறைக்கு அனுப்பும்போதும் இதையே செய்கிறோம். "இந்த ஒரு தேர்வில்தான் உன் வாழ்க்கையே இருக்கிறது" என்று சொல்லி அனுப்புகிறோம். பிறகு அவன் வினாத்தாளுக்குப் பதிலாகத் தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று வருந்துகிறோம். பிள்ளை தோற்றுத் திரும்பும்போது, "நீ எப்பொழுதும் கடைசியில் சொதப்புகிறவன்" என்று பெயரிட்டுவிடுகிறோம். அடுத்த கடைசி நொடியில் அவன் கண்முன் நிற்கப்போவது அந்தப் பெயரே.

அப்போஸ்தலனாகிய பவுல் கொரிந்து பட்டணத்தில் ஒன்றரை ஆண்டு தங்கியிருந்தவர். அந்தப் பட்டணத்திற்கு அருகேயுள்ள இஸ்த்மியாவில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விளையாட்டு விழா நடக்கும். கொரிந்தியருக்கு அவர் நிருபம் எழுதியபோது ஓட்டக்காரனையும் குத்துச்சண்டை வீரனையும் உவமையாக எடுத்தது தற்செயல் அன்று. வாசிப்பவர்கள் அவர்களைக் கண்ணால் கண்டவர்கள். பிலிப்பியருக்கு எழுதும்போதும் அவர் ஓட்டத்தைப் பற்றியே பேசுகிறார். அங்கே அவர் அழுத்திச் சொல்வது காலின் வேகத்தை அன்று. முகம் திரும்பியிருக்கும் திசையை. கடந்துபோனதைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவன் நேராக ஓடமாட்டான் என்பதை மைதானத்தை அறிந்த எவரும் அறிவர். பவுலுக்குப் பின்னால் கிடந்தது சிறிய காரியமன்று. அவர் சபையைத் துன்பப்படுத்தினவர். அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் அவர் ஓர் அடியும் எடுத்து வைத்திருக்க முடியாது.

ஆகையால், எனக்கு அருமையானவர்களே, இந்த வாரம் ஒரு சிறு காரியத்தைச் செய்து பாருங்கள். "கவனமாயிரு" என்று சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு கணம் நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக, பார்க்கவேண்டியதைச் சொல்லுங்கள். "பந்தின் தையலைப் பார்." "முதல் கேள்வியை மட்டும் வாசி." "எதிரே நிற்கும் அந்தக் கம்பத்தைப் பார்த்து ஓடு." பிள்ளையின் மனத்திற்கு நிற்க ஓர் இடம் கொடுங்கள். உங்களுக்கும் அப்படியே. கை நடுங்கும் வேளையில் நடுக்கத்தோடு போராடிக்கொண்டிராமல், அடுத்துச் செய்யவேண்டிய ஒன்றைப் பாருங்கள். நடுங்கும் கையாலும் அதைச் செய்யலாம்.

உங்களில் யாராவது, கடைசிக் குண்டைத் தவறவிட்ட நினைவோடு இதை வாசிக்கக்கூடும். ஒரு நேர்முகத் தேர்வில், ஒரு மேடையில், ஒரு போட்டியில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நீங்கள் தடுமாறியிருக்கலாம். அன்று நீங்கள் கவனமற்றவராய் இருந்தீர்கள் என்று நான் எண்ணவில்லை. மிகுந்த கவனத்தோடு, தவறான இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள். பார்வையைத் திருப்பலாம். வாரம் முடியுமுன், தோல்வியோடு தனியே உட்கார்ந்திருக்கும் ஒருவரைத் தேடிச் சென்று பாருங்கள். அவர் செய்த பிழையை விளக்க வேண்டாம், அருகே உட்கார்ந்திருந்தால் போதும். அவர் மீண்டும் சுடுதளத்திற்கு வந்து நிற்பதற்கு அது உதவக்கூடும்.